ஸ்டெல்லா கிட்டாரில் கரண்ட் ஏறிய ஞாயிற்றுக்கிழமை

ரயில் பங்காருப்பேட்டை தாண்டியதும் டிபன் பாக்ஸ்கள் திறக்கும். பூண்டுச் சட்னி வாசனை பெட்டி முழுக்க நிற்கும்... அதற்கு நடுவில் கிட்டார் சத்தம்.

கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூருக்குத் தினமும் காலை ரயிலில் வந்து போன காலம் அது. சுரங்கம் மூடியாகிவிட்டது. ஊரில் வேலை இல்லை. பாதி ஊர் அந்த ரயிலில்தான் இருந்தது. நான் எஸ்.பி. ரோட்டில் ஒயரும் சுவிட்சும் வாங்கி, பையில் போட்டுக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கி விற்றவன்.

எங்கள் பெட்டியில் எபியும் அவன் தங்கச்சி ஸ்டெல்லாவும் பாடுவார்கள். அவனுக்கு பிரஸ்ஸில் வேலை, அவளுக்கு கார்மெண்ட்ஸில். அவன் டோலக், அவள் கிட்டார். பாட்டெல்லாம் எங்கள் சுரங்கத்து ஜனங்கள் பாடியது. கிட்டார் மட்டும் சர்ச்சில் கற்றது. இரண்டும் சேர்ந்தால் உடம்பு சிலிர்க்கும்.

முதலில் ஏறுகிறவர் ஜன்னலோரம் இரண்டு கர்ச்சீப் போட்டு அவர்களுக்கு இடம் பிடித்துவிடுவார். நாங்கள் டிபன் பாக்ஸ் மூடியில் தாளம் தட்டுவோம். எதிர் சீட்டு ஆறுமுகண்ணனுக்கு. சுரங்கத்தில் பாறை துளைக்கும் மெஷின் பிடித்தவர். பிறகு பெங்களூரில் ஒரு ஆபீஸில் செக்யூரிட்டி. ஸ்டெல்லாவின் விரலையே பார்த்துக்கொண்டு, தாளம் தப்பாமல் தலையாட்டுவார்.

ஒரு நாள் ஸ்டெல்லா சொன்னாள்... ஜீவனஹள்ளி சர்ச்சில் அறுப்புப் பண்டிகைக்குப் பாடப் போகிறார்களாம். எலெக்ட்ரிக் கிட்டாராம், ஆம்ப்ளிஃபையராம்.

பெட்டியே இரண்டு நாள் பேசியது. கரண்ட் போனால் பாட்டும் போய்விடுமா என்று ஒருவர் நக்கலடித்தார். இது காலேஜ் பையன்கள் போடும் கூச்சல், நம்ம பாட்டுக்கு ஆகாது என்றார் இன்னொருவர். எல்லாரையும் விட ஆறுமுகண்ணன் குரல்தான் பெரிசு.

"சும்னே இரும்மா. நல்லாருக்கறத எதுக்குக் கெடுக்கற?"

திங்கட்கிழமை யாரும் கர்ச்சீப் போடவில்லை. அண்ணனும் தங்கச்சியும் கிட்டாரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கண்டோன்மெண்ட் ஸ்டேஷன் வரை நின்றே வந்தார்கள். மறைக்காமல் சொல்கிறேன், அந்த ஜன்னலோரச் சீட்டில் என் சரக்குப் பை இருந்தது. நான் எடுக்கவில்லை.

இறங்கும்போது அவளிடம் என் வியாபார புத்தியைக் காட்டினேன்.

"ஓடுற சரக்க யாராவது மாத்துவாங்களா ஸ்டெல்லா? இந்தப் பெட்டி உட்டா உங்களுக்கு யாரு இருக்கா?"

அவள் முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் பதில் வந்தது.

"ஒரு பாட்டு வந்து கேளுங்கண்ணா. புடிக்கலன்னா எந்திரிச்சிப் போய்டுங்க. அப்புறம் நாங்க ட்ரெயின்ல பாடவே மாட்டோம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை போனோம். ஆராதனை முடிந்து, மதியச் சாப்பாடும் முடிந்து, வெயிலில் பந்தல் போட்ட கிரவுண்டு. கடைசி இரண்டு வரிசை எங்கள் பெட்டி ஆட்கள். முதல் பாட்டிலேயே எல்லாரும் சேர்ந்து எழுந்து போவது என்று பேசி வைத்திருந்தோம்.

ஸ்டெல்லா ஒரு இழுப்பு இழுத்தாள்.

அதை எப்படிச் சொல்வது... சத்தம் காதுக்கு வரவில்லை. நாற்காலிக்கு அடியில் வந்தது. கால் வழியாக ஏறி நெஞ்சில் நின்றது. பூமிக்குள்ளிருந்து யாரோ பாறையை முட்டுகிற மாதிரி. ரயிலில் அதே பாட்டுக்குச் சட்னி தொட்டுக்கொண்டே தாளம் போட்டவர்கள் நாங்கள். அது இவ்வளவு பெரிய பாட்டா!

ஆனாலும் பேசி வைத்தபடி எழுந்தோம். ஆறுமுகண்ணனும் எழுந்தார். ஆனால் வாசல் கேட் பக்கம் வரவில்லை. நேராக மேடைக்குப் போனார். ஸ்பீக்கர் பெட்டி மேல் உள்ளங்கையை வைத்து நின்றார். கூட்டி வரலாம் என்று நான் பின்னாலேயே போனேன்.

பாட்டின் மூன்றாவது அடி வந்தது. ஷிப்ட் முடிந்து ஆட்களைத் தூக்கி வரும் கூண்டைப் பார்த்து ஒரு பெண் பாடுவது.

"கூண்டு மேல வருது தாயி... ஒரு தல கொறையுது."

ஆறுமுகண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார்.

"இந்தப் பாட்டுல இப்பிடி ஒரு வரி கீதாப்பா?"

மூன்று வருஷம்... தினமும், ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருந்த மனுஷன்.

எங்கள் ஊரில் அப்பாக்கள் எல்லாருமே சத்தமாகத்தான் பேசுவார்கள். அது ஊர்ப் பேச்சு என்று நினைத்தே வளர்ந்தோம். மெஷின் தின்ற காது அது என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஆறுமுகண்ணன் விரலைப் பார்த்துத் தலையாட்டியிருக்கிறார். மற்றவர்கள் வேண்டாம் என்றதால் அவரும் வேண்டாம் என்றிருக்கிறார்.

திரும்பிப் பார்த்தேன். எழுந்த எங்கள் ஆட்கள் போகவும் இல்லை, உட்காரவும் இல்லை. கடைசிப் பாட்டு வரை நின்றே கேட்டார்கள்.

முடிந்ததும் ஸ்டெல்லாவிடம் கேட்டேன், அவர் விஷயம் உனக்கு முன்பே தெரியுமா என்று. ஒயரைச் சுருட்டிக்கொண்டே சிரித்தாள்.

"எங்கப்பாவும் மெஷின் புடிச்சவருதானண்ணா. எங்க வீட்டு டிவி சத்தத்துக்குத் தெருவே சீரியல் பாக்கும்."

இன்றைக்கு அந்த இரண்டு பேரும் பெரிய பெரிய மேடைகளில். நான் மல்லேஸ்வரத்தில் கடை போட்டு உட்கார்ந்துவிட்டேன். போன வாரம் புதுப் பாட்டு விட்டிருக்கிறார்கள், முழுக்கக் கம்ப்யூட்டர் சத்தம். கீழே கமெண்ட்டில் ஒரே சண்டை. எலெக்ட்ரிக் கிட்டார் காலம்தான் ஒரிஜினலாம், இதில் உயிரே இல்லையாம். எனக்கும் பிடிக்கவில்லை. கடுப்பாக நாலு வரி டைப் செய்தேன்.

அன்றைக்குத் திட்டினாலும் மறுநாள் காலை அதே பெட்டியில் முகம் பார்த்தாக வேண்டும். இப்போது யார் யாரைத் திட்டுகிறோம் என்றே தெரியவில்லை... ஆறுமுகண்ணனும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இந்தப் புதுச் சத்தத்தில் எந்த ஊரில், யாருக்கு, எந்த வரி முதல் தடவையாகக் கேட்கிறதோ. எனக்கு எப்படித் தெரியும்?

அந்த நாலு வரியை அழித்துவிட்டு இதை எழுதினேன்.