சாமி படம் திறந்தது

1. செவ்வாய்க்கிழமை காலை

அலமேலு எங்கள் கடைக்கு இரண்டாம் முறை வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. ஷட்டரைத் தூக்கி அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. லேப்டாப்பை என் மேசைமேல் வைத்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அக்கா, சாமி படம் தொறக்குது. எங்கப்பா பேசுனது தொறக்கமாட்டேங்குது."

ஆறு நாளைக்கு முன்னால் அந்த மெஷினில் புது எஸ்.எஸ்.டி. மாட்டிக் கொடுத்தவள் நான்தான்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் செல்வம் வைத்திருக்கும் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் இருபத்திரண்டு வருஷமாக வேலை. அதற்கு முன்னால் மோட்டார் காயில் சுற்றும் கடை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பேன், இங்கிலீஷ் எழுத்தை உருவம் பார்த்து அடையாளம் சொல்வேன். ஆனால் எந்த லேப்டாப்பானாலும் ஒரு ஸ்க்ரூ மிச்சமில்லாமல் பிரித்து மாட்டுவேன். திரை மடங்குகிற ஹிஞ்ச் உடைந்த மெஷினை சங்கராபுரத்துக் கடைக்காரர்கள் இன்றைக்கும் என் பேரைச் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் கிடையாது. வெட்கப்பட வேண்டிய விஷயம் வேறு. அதைத்தான், இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

2. கையில் எடுத்தபோதே தெரிந்தது

அலமேலுவுக்குக் கரியாலூரிலிருந்து இன்னும் மேலே ஏறினால் வருகிற ஒரு சின்ன ஊர். ஊர்க் கமிட்டிக்குச் செயலாளர். அந்த ஊரில் ஒன்பது குடும்பம், தாங்கள் தலைமுறையாக உழுகிற காட்டு நிலத்துக்குப் பட்டா கேட்டு மனுப் போட்டிருந்தது. மனுவுக்குச் சாட்சியாக, ஒவ்வொரு குடும்பத்துப் பெரியவரையும் அவரவர் நிலத்தில் நிற்கவைத்து, நான்கு எல்லையையும் சொல்லச் சொல்லிப் போனில் வீடியோ எடுத்திருந்தாள். போனில் இடமில்லை என்று எல்லாவற்றையும் லேப்டாப்பில் ஏற்றிவிட்டுப் போனில் அழித்துவிட்டாள். ஒன்பது பேரில் அவளுடைய அப்பாவும் ஒருவர். படம் பிடித்த நாலாம் மாதம் அவர் செத்துப்போனார்.

வெள்ளிக்கிழமை விசாரணை. அந்த லேப்டாப் போட்டால் திரை வர ஒரு உலை கொதிக்கிற நேரமாகும். அதிகாரிகள் முன்னால் அது நின்றுவிட்டால் என்ன செய்வது என்று பயந்துதான், பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு, அதைவிட வேகமாக ஓடும் எஸ்.எஸ்.டி. போடச் சொன்னாள். சரியான யோசனைதான்.

செல்வம் அப்போது எஸ்.எஸ்.டி.யில் ஒரு புது லாட் வாங்கிவந்திருந்தார். கம்பெனி டீலர் பில் இல்லாத சரக்கு. ஒன்றை எடுத்துக் கையில் வைத்தேன். வழக்கத்தைவிட லேசாக இருந்தது. மூடியின் விளிம்பு ஒரு பக்கம் சரியாக உட்காரவில்லை. செல்வத்திடம் காட்டினேன்.

"எஸ்.எஸ்.டி.ன்னா லேசாத்தான்க்கா இருக்கும். பொட்டி மேல இன்னா போட்டிருக்குன்னு நீங்களே பாருங்க," என்றார்.

அவர் சொன்னதில் பாதி நிஜம். நல்ல எஸ்.எஸ்.டி.யும் கனம் இருக்காது. ஆனால் பெட்டியை என் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னாரே, அங்கேதான் நான் தவறினேன். எனக்கு அதைப் படிக்கத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாடிக்கையாளர் எதிரே நின்றாள். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, படித்தவள் மாதிரி தலையாட்டிவிட்டேன்.

மாட்டினேன். எல்லாம் காப்பி ஆனது. முடிந்தது என்று திரையில் வந்தது.

எங்கள் பக்கத்து ஜனங்கள் லேப்டாப் வாங்கினால் முதலில் ஏற்றுவது குலசாமி படம்தான். வேலை முடிந்து கொடுக்கும்போது நாங்களும் அதைத்தான் திறந்து காட்டுவோம். அவர்கள் திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அதோடு வேலை சரி என்று அர்த்தம். சாமி வந்த பிறகு மற்றதைத் திற என்று யாரும் கேட்டதில்லை, நாங்களும் திறந்ததில்லை. அலமேலுவும் ஒற்றிக்கொண்டு மூடி எடுத்துப் போனாள்.

3. ரைஸ் மில்

செவ்வாய்க்கிழமை செல்வம் ஒரு சாப்ட்வேர் போட்டுச் சோதித்தார். அந்த எஸ்.எஸ்.டி.க்குள் இருந்தது சின்னச் சிப். வெளியே பெரிய அளவு காட்டும்படி செய்திருந்தார்கள். தன்னால் கொள்கிறவரை அது நிஜமாக எழுதும், அதற்குமேல் எழுதியதாக நடிக்கும். முதலில் போன சாமி படம் தப்பித்தது. கடைசியாகப் போன ஒன்பது வீடியோவுக்கும் பெயர் மட்டும் இருந்தது.

"பழைய டிஸ்க்கு இருக்குல்ல?" என்று அலமேலு கேட்டாள்.

செல்வம் என்னைப் பார்த்தார். கடை வழக்கம் இது: யாரும் கேட்காவிட்டால் பழைய டிஸ்க் எக்ஸ்சேஞ்சில் கடைக்கு. ஃபார்மட் அடித்து, கண்காணிப்புக் கேமரா மாட்டுகிறவர்களுக்குக் கொடுத்துவிடுவோம். திங்கட்கிழமை சாயந்திரம் அவர்களில் ஒருவரான முபாரக் பாய் அதை வாங்கிப்போயிருந்தார்.

அவருக்குப் போன் போட்டோம். எடுக்கவில்லை. ஏணிமேல் இருந்தால் எடுக்கமாட்டார். நாலாவது தடவை எடுத்தார். கச்சிராயபாளையம் தாண்டி ஒரு ரைஸ் மில்லில் காலையில்தான் மாட்டினேன், நாலு கேமரா, ஒன்பது மணியிலிருந்து ஓடுது என்றார்.

ஃபார்மட் அடித்தாலும் பழையது அடியில் இருக்கும். அதன்மேல் வேறு ஏதாவது எழுதினால்தான் அழியும். கேமரா டிஸ்க்கோ நிற்காமல் எழுதிக்கொண்டே இருக்கும். இதை அலமேலுவிடம் நாங்கள் சொல்லவில்லை. அவளே புரிந்துகொண்டாள்.

மில்லுக்குப் போன் செய்து நிறுத்தும்படி பாயிடம் சொன்னோம். ஆள் வராமல் ஸ்விட்சைத் தொடமாட்டேன் என்று மில் கணக்குப்பிள்ளை சொல்லிவிட்டாராம். கடை வேனில் மூவரும் கிளம்பினோம். வழியெல்லாம் கரும்பு லாரி. ஒன்றைத் தாண்டினால் முன்னால் இன்னொன்று. அலமேலு கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். அந்த வண்டியில் அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மில் ஆபீஸ் சுவரில் ஒரு டி.வி. அதில் நாலு கட்டமாக மில் தெரிந்தது. மேல் மூலையில் கடிகாரம் நொடி நொடியாக ஓடியது. ஒரு கட்டத்தில் எங்கள் வேன், அலமேலு, நான். நாங்கள் உள்ளே வந்ததைக்கூட அது அவளுடைய அப்பாமேல் எழுதிக்கொண்டிருந்தது.

கணக்குப்பிள்ளை எழுந்தார். "யாரும்மா நீ? மூட்ட காணாம போனா நீயா வந்து பதில் சொல்லுவ?"

"நான்தான் சொல்லுவேன்," என்று பிளக்கைப் பிடுங்கினேன். மணி பன்னிரண்டு இருபது.

4. மேற்கு

டிஸ்க்கைக் கடைக்குக் கொண்டுவந்து அழிந்ததை மீட்கிற ரெக்கவரி போட்டோம். அது ஒரு இரவும் ஒரு பகலும் ஓடியது. புதன்கிழமை ஒவ்வொன்றாக வந்தன. வருகிற ஒவ்வொன்றையும் அலமேலு கடைசிவரை ஓடவிட்டுப் பார்த்தாள். முழுசாக எட்டு வந்தது. ஒன்பதாவது துண்டுதுண்டாகக் கிடந்து பாதி வந்தது.

அது அவளுடைய அப்பா. தலையில் துண்டு, கையில் ஒரு குச்சி. கிழக்கே ஓடை என்றார். வடக்கே பாறை. தெற்கே சின்னப்பையன் நிலம். "மேக்கால" என்று குச்சியைத் தூக்கினார். அதோடு நின்றுவிட்டது.

செல்வம் மறுபடி போட்டார். மறுபடியும் அங்கேயே நின்றது.

அலமேலு சொன்னாள்: "மேக்கால இன்னா இருக்குன்னு எனக்குத் தெரியும்க்கா. பலா மரம். ஆனா நான் சொன்னா செல்லாதே."

அவளிடம் அன்றைக்குத்தான், பெட்டியை நான் படிக்கவில்லை, படிக்கத் தெரியாது என்று சொன்னேன். செல்வத்துக்கும் அப்போதுதான் தெரியும். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் கேட்டதில்லை, நான் சொன்னதில்லை. அந்த லாட் முழுவதையும் அவர் சுத்தியலால் உடைத்துப் போட்டார். அலமேலுவுக்கு டீலரிடம் எடுத்த எஸ்.எஸ்.டி. மாட்டிக் கொடுத்தோம்.

வெள்ளிக்கிழமை எட்டு மனுவை ஏற்றுக்கொண்டார்கள். ஒன்பதாவதற்கு வேறு சாட்சி கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். அது இன்னும் நிற்கிறது. பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்தால் அலமேலு நின்று பேசுகிறாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

புதிதாக வருகிறவர்களே, எஸ்.எஸ்.டி. வாங்கினால் டீலர் பில்லோடு வாங்குங்கள். பில்லில் இருக்கிற நம்பரும் எஸ்.எஸ்.டி.மேல் இருக்கிற நம்பரும் ஒன்றா என்று பாருங்கள். படிக்கத் தெரியாவிட்டால், தெரியாது என்று வாடிக்கையாளர் எதிரிலேயே சொல்லுங்கள். கை சந்தேகப்பட்டால் கையை நம்புங்கள், மாட்டாதீர்கள். கொடுப்பதற்கு முன்னால் அது நிரம்புகிறவரை எழுதிச் சோதியுங்கள். பழைய டிஸ்க்கை வாடிக்கையாளர் கையிலேயே கொடுத்தனுப்புங்கள், எக்ஸ்சேஞ்ச் வேண்டாம்.

இப்போதும் சிலர் லேப்டாப்பைத் திரும்ப வாங்க வந்ததும், "சாமிய காட்டுங்கக்கா," என்று கை கூப்பி நிற்கிறார்கள். நிற்கட்டும். நான் கடைசியாக ஏறியதைத்தான் முதலில் திறக்கிறேன். அது முழுசாக ஓடி முடிந்த பிறகுதான் சாமி.