நல்ல கண்ணை மூடச் சொன்ன நசீமா அக்கா

ராசிபுரத்தில் ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் பிள்ளைகளுக்குக் கண் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு வரிசையில் நின்றவர்கள் விரலிடுக்கு வழியாகத் திருட்டுத்தனமாகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் நசீமா அக்காவின் தம்பி போனில் கூப்பிட்டார். "அக்கா மௌத்தாயிட்டாங்க. விடியக்காலம் நெஞ்சு வலின்னாங்க..." அக்கா இறந்துவிட்டாராம். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. முந்தின நாள் சாயங்காலம்கூட என்னை வாய் ஓயாமல் திட்டிய மனுஷி! சேலம் பஸ்ஸில் இடம் இருந்தும் உட்கார முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டே போனேன்.

அக்காவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சேலம் கோட்டைப் பகுதியில் துணி வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். நாமக்கல்லில் ஒரு கண் மருத்துவமனையில் குழந்தைகளின் பார்வையைச் சோதிப்பவராக இருந்தார். பெரியவர்களிடம் அவருக்குப் பொறுமை மருந்துக்கும் கிடையாது. நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு குழந்தையின் அம்மாவிடம் "இது சோம்பேறிக் கண்ணுங்க" என்று சொல்லிவிட்டேன். அக்கா என்னை வெளியே இழுத்துப்போய்ப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார். "பிள்ளை காதுல விழுற மாதிரி சோம்பேறிங்கிறியே, அறிவிருக்கா செல்வி? பழகாத கண்ணுன்னு சொல்லு!"

பிறகு சங்ககிரியிலிருந்து தர்ஷினி வந்தாள். லாரி டிரைவரின் மகள், ஒன்றாம் வகுப்பு. இடது கண் சிறுவயதிலிருந்தே சரியாக வேலை செய்யாததால், வலது கண்ணை வைத்தே எல்லாவற்றையும் பார்த்துப் பழகிவிட்டாள். கண்ணாடி போட்டு, தினமும் காலையில் வலது கண்ணை மூடிப் பட்டை ஒட்ட வேண்டும். அப்போதுதான் இடது கண் பழகும். வயது ஏற ஏற அது கடினமாகிக்கொண்டே போகும். ஆனால் எத்தனை முறை சோதித்தும் இடது கண்ணின் பார்வை கூடவே இல்லை.

அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒருநாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் என்னையும் கூட்டிக்கொண்டு சங்ககிரிக்குக் கிளம்பினார். போய்ப் பார்த்தால், பட்டை இடது கண்ணில்!

"ஏனுங்க டாக்டரம்மா, நோவிருக்கிற கண்ணுக்குத்தானுங்க கட்டுப் போடோணும்? நல்ல கண்ணைப் போயி மூடச் சொல்றீங்களே, மாத்திச் சொல்லிப்போட்டீங்களோன்னு நெனச்சேனுங்க" என்றார் தர்ஷினியின் அம்மா கவிதா.

நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். அக்கா வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். கத்தப்போகிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால், "ஏம்மா, வண்டியில பூட்டின ரெண்டு மாட்டுல ஒண்ணே இழுத்துக்கிட்டிருந்தா இன்னொண்ணு எப்படிப் பழகும்? இழுக்கிறதைக் கொஞ்ச நேரம் அவுத்துக் கட்டு" என்றார். கவிதாவுக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது.

அன்றிலிருந்து தினமும் காலையில் அக்கா போன் செய்வார். "ஒட்டியாச்சா?" அவ்வளவுதான் பேச்சு. "எங்கூட்டுச் சேவல் கூவுதோ இல்லீங்களோ, உங்க போனு கூவிப்போடுதுங்க" என்று கவிதா கேலி செய்வார். ஆனாலும் முன்னேற்றம் ஆமை வேகம்தான். அக்கா இறப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம், "வந்த வரைக்கும் போதும்னு விட்டுடலாமேக்கா" என்றேன். "போதும்னு சொல்ல நீ யாரு? அது அவ கண்ணு!" என்று திட்டித் தீர்த்துவிட்டுப் போனை வைத்துவிட்டார். அதுதான் கடைசிப் பேச்சு.

கோட்டை வீட்டில் பெண்கள் கூடியிருந்தார்கள். வெள்ளைத் துணிக்குள் முகம் மட்டும் திறந்திருந்தது. ஓடிக்கொண்டே இருந்தவர் அசையாமல் கிடந்ததைப் பார்த்ததும், ஐயோ, திரும்பிக்கொண்டேன். நிலைவாசலுக்கு ஒதுங்கினால், அங்கே மகளோடு கவிதா நிற்கிறார்.

"போனு வரலீன்னு நானே கூப்பிட்டேனுங்க. அவுங்க தம்பி எடுத்துச் சொன்னாருங்க." குனிந்து மகளின் பட்டையில் கைவைத்தார். "இன்னைக்கு ஒருநாள் கழட்டிக்க சாமி. டாக்டரம்மா மொகத்தை நல்லாப் பாத்துக்க."

தர்ஷினி அம்மாவின் கையைத் தட்டிவிட்டாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, நின்ற இடத்திலிருந்தே இடது கண்ணால் அக்காவின் முகத்தை உற்றுப் பார்த்தாள். சோதனை அறையில் அதே தூரத்தில் எழுத்துகளைப் படிக்கத் தடுமாறிய கண் அது.

"அம்மா, டாக்டரம்மாவுக்குத் தாடையில மச்சம் இருக்குது" என்றாள். "சின்னதா."

இருந்தது.

கேட்டீர்களா அக்கா? தெரிகிறதாம்.