ஹெலேனாவின் ஐரோப்பா

சனிக்கிழமை காலைகளில் எங்கள் தெருமுனைப் பேக்கரியில் எனக்கு ஒரு சங்கடம் காத்திருக்கும். பக்கத்து வீட்டு ஹெலேனா என்னையும் கூட்டிக்கொண்டுதான் அங்கே போவார். எங்கள் முறை வந்ததும் தட்டில் அடுக்கியிருக்கும் வெள்ளைப் பாணை ஒரு விரலால் அமத்திப் பார்த்து முகத்தைச் சுளிப்பார். "இது பாண் இல்லை, பஞ்சு. நாங்கள் ஐரோப்பியர், இதைச் சாப்பிட மாட்டோம்" என்று கடைப்பெண்ணிடம் சொல்லிக்கொண்டே என் தோளில் கையைப் போடுவார். கடைப்பெண் என் சேலையைப் பார்ப்பாள், நெற்றிப் பொட்டைப் பார்ப்பாள், பிறகு கறுத்த பாண் இரண்டை எடுத்துச் சுற்றித் தருவாள். ஹெலேனாவைத் திருத்துவதா, சும்மா நிற்பதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. திருத்தினால் அந்தக் கை தோளிலிருந்து இறங்கிவிடுமோ என்ற பயம் ஒன்று. பொய்யை ஒப்புக்கொண்டு நிற்கிறேனோ என்ற பயம் இன்னொன்று. புளித்த வாசமுள்ள அந்தக் கறுத்த பாண் தேங்காய்ச் சம்பலோடு நன்றாகத்தான் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நாங்கள் இருப்பது மெல்பேணின் மேற்கே செயின்ற் அல்பன்ஸ் என்ற புறநகரில். என் கணவர் ஊரில் எஞ்சினியர். இங்கே கட்டட வரைபடங்கள் வரைபவராக வேலை செய்கிறார். நான் யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் சில காலம் புவியியல் படிப்பித்தவள். ஐரோப்பாக் கண்டத்தைக் கரும்பலகையில் பார்க்காமலே வரைவேன். ஆறுகளை நீலச் சோக்கால் இழுத்து, எந்த நாட்டில் நிலக்கரி, எந்த நாட்டில் பால்மா என்று பிள்ளைகளுக்கு ஒப்பிப்பேன். ஆனால் ஐரோப்பியர் என்றால் என் மனதில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். வெள்ளை நிறம், ஆங்கிலப் பேச்சு, எந்த வெயிலிலும் கசங்காத உடுப்பு. எங்கள் தெருவுக்கு வந்த பிறகுதான் அந்த ஆள் கலைந்து போனார். எதிர்வீட்டில் மால்ரா தீவு நாட்டவர், அடுத்த வீட்டில் உக்ரேனியர், வேலிக்கு அந்தப் பக்கம் போலந்துக்காரியான ஹெலேனா. எல்லோரும் வெள்ளைதான், ஆனாலும் இந்த ஊர்க்காரருக்கு இவர்கள் எல்லோரும் வெளியாட்கள். கால் நூற்றாண்டாக அதே வீட்டில் இருக்கும் ஹெலேனாவைத் தபால்காரர் இன்னும் 'புதிய ஆஸ்திரேலியர்' என்கிறார். ஹெலேனா தன் பங்குக்கு அவரை ஐரோப்பியர் என்று ஒப்புக்கொள்வதில்லை. "அவர் இங்கிலிஷ்காரர். அது வேறு" என்பார்.

ஐரோப்பியர் என்ற அந்தப் பெயர் எவ்வளவு பெறுமதியானது என்பதை நான் இன்னொரு விதத்திலும் கேள்விப்பட்டிருந்தேன். கணவரின் ஒபீசில் கொழும்பிலிருந்து வந்த, ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியர் ஒருவர் இருக்கிறார். முன்பு எங்கள் நாட்டிலிருந்து இங்கே குடியேற விரும்பியவர்கள் தங்கள் உடம்பில் ஓடுவது பெரும்பாலும் ஐரோப்பிய இரத்தம்தான் என்று காட்ட வேண்டியிருந்ததாம். "எனக்கு விசா எடுத்துத் தந்தது என்ர தாத்தாவின் மூக்கு" என்று அவர் சொல்லிச் சிரிப்பார். அந்தச் சட்டம் மாறியதால்தான், காட்டுவதற்கு மூக்கு எதுவும் இல்லாத நாங்களும் வந்து சேர்ந்தோம். வந்த இடத்தில் ஒருவர் என் தோளில் கைபோட்டு, கேட்காமலே அந்தப் பெயரைத் தந்துவிட்டார்.

இனி முடியின் கதைக்கு வருகிறேன். எங்கள் மகள் வாசுகி யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு கடும் காய்ச்சலில் கிடந்தாள். கண்கள் மேலே சொருகிய அந்தப் பொழுதில், பிள்ளையைத் தந்தால் மூன்று வயதுக்குள் தொண்டைமானாற்றுச் சந்நிதி முருகனுக்கு முடி கொடுப்பேன் என்று நேர்ந்துகொண்டேன். பிள்ளை தேறினாள். அதற்குள் விசா வந்தது, பயணச்சீட்டு வந்தது, சாமான் கட்டுவதில் நாட்கள் போய்விட்டன. இங்கே கோயிலும் இல்லை, முடியெடுக்கத் தெரிந்தவரும் இல்லை. வாசுகியின் மூன்றாவது பிறந்தநாள் நெருங்க நெருங்க நான் நாட்களை எண்ணினேன். அவள் தும்மினாலும் நேர்த்தி ஞாபகம் வந்தது. அதே சமயம் நகரத்தில் ஒரு அரசாங்க ஒபீசில் எனக்கு வேலையும் கிடைத்திருந்தது. ஒரு திங்கட்கிழமை தொடங்க வேண்டும். பகலில் பிள்ளையை ஹெலேனா பார்ப்பதாக ஏற்பாடு. அவர் இல்லையென்றால் வேலை இல்லை. எங்களுக்கு இங்கே வேறு யார் இருக்கிறார்கள்?

"முருகனுக்கு விசா தேவையில்லையப்பா" என்றார் என் கணவர். "நீர் நேர்ந்தனீர். இஞ்சையே செய்வம். அவர் வந்து வாங்கிக்கொள்ளுவார்."

"நான் வேலை தொடங்கிற நேரத்தில பிள்ளை மொட்டையோட நிண்டால் ஆக்கள் என்ன நினைப்பினம்?"

"ஒபீசுக்குப் போறது நீரோ, பிள்ளையோ?"

வேலை தொடங்குவதற்கு முந்திய சனிக்கிழமை பின்வளவில் பாய் விரித்து உட்கார்ந்தோம். அற்லஸைப் பார்த்து, சந்நிதி இருப்பது வடமேற்கில் என்று கண்டுபிடித்து அந்தத் திசைக்குப் பிள்ளையைத் திருப்பி வைத்தேன். திசை சரிதானா என்று மறுபடியும் எழும்பிப் போய்ப் பார்த்தேன். "பூமி உருண்டைதானே ரீச்சர், எந்தப் பக்கம் பாத்தாலும் போகப் போகச் சந்நிதி வரும்" என்றார் கணவர். கத்தரிக்கோலால் ஒட்ட வெட்டி, பிறகு தன் சவர அலகால் மெல்ல மெல்ல வழித்தார். நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். வாசுகி கொஞ்சம் அழுதாள். பிறகு தன் தலையைத் தானே தடவிப் பார்த்துச் சிரித்தாள். ஊரிலிருந்து கொண்டுவந்த சந்தனக்கட்டையை இழைத்துத் தலை முழுக்கப் பூசினேன். விழுந்த முடியை ஒன்றும் விடாமல் பொறுக்கி ஒரு வெள்ளைத் துணியில் முடிந்து, சாமிப் படத்தின் முன்னால் வைத்தேன். இங்கே வந்த நாளிலிருந்து அவ்வளவு நிம்மதியாக நான் மூச்சு விட்டதில்லை.

மறுநாள் காலை மீண்டும் சந்தனம் பூசி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஹெலேனா வீட்டுக்குப் போனேன். திங்கட்கிழமை எத்தனை மணிக்குக் கொண்டுவருவது என்று பேச வேண்டியிருந்தது. கதவைத் திறந்தவர் வாசுகியின் தலையைக் கண்டதும் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். சந்தனம் வெயிலில் காய்ந்து வெளிறிப் பொடியாக நின்றது.

"யார் செய்தது?"

"நாங்கள்தான்."

"ஏன்? தலையில் பேன் பிடித்ததா? ஏதும் நோயா?"

"இல்லை. அது எங்கள் வழக்கம்" என்று பாடப்புத்தக ஆங்கிலத்தில் சொன்னேன். "செய்தாக வேண்டும்."

"செய்தாக வேண்டும்" என்று அவர் திருப்பிச் சொன்னார். பிறகு கதவு சாத்தப்பட்டது. அறைந்து சாத்தவில்லை, மெதுவாகத்தான். அதுதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன்.

"பேன் எண்டு பயந்திருப்பா" என்றார்.

"பேனுக்கு ஏன் முகம் அப்பிடி வெளிறுது?"

"வெள்ளைக்காரருக்கு இன்னும் வெளிற என்னப்பா இருக்கு?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பகல் முழுவதும் குசினி அடுப்படிக்கும் முன்ஜன்னலுக்கும் நடந்தேன். கடைசியில் ஹெலேனாவும் ஐரோப்பியர்தான் என்று ஒரு மனம் சொன்னது. எங்களைக் காட்டுமிராண்டிகள் என்று முடிவு கட்டிவிட்டார், தோளில் போட்ட கையை எடுத்துவிட்டார். முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும் என்றது இன்னொரு மனம். குளிர்காலம் வரை பொறுத்து, தொப்பி போட்டு மறைத்திருக்கலாம் என்றும் தோன்றியது. சாமி காரியத்தை ஏன் மறைக்க வேண்டும் என்று உடனே கோபமும் வந்தது. பின்னேரமாகும்போது, நாளைக்கு வேலைக்கு வரவில்லை என்று ஒபீசுக்கு என்ன சொல்வது என்பதை ஆங்கிலத்தில் வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெயில் தணிந்த நேரம் குசினிக் கதவடியில் ஹெலேனா நின்றார். வரலாமா என்று கேட்டார். ஒருநாளும் கேட்டு வந்தவர் அல்ல. கதிரையில் உட்கார்ந்தார்.

"முடி எங்கே? எறிந்துவிட்டாயா?"

சாமிப் படத்தின் முன்னாலிருந்த முடிச்சைக் கொண்டுவந்து அவிழ்த்தேன். அவர் அந்தச் சின்னச் சுருள்களை விரலால் தொட்டார்.

"வைத்திருக்கிறாய்" என்றார். "எங்களுடையதைத் துடைப்பத்தால் கூட்டினார்கள்."

அதன்பிறகுதான் சொன்னார். அவருக்குப் பதினாறு வயதாக இருந்தபோது யுத்தம். ஜெர்மன்காரர்கள் கிராமத்துப் பெண்களை லொறிகளில் ஏற்றி, வேலை செய்ய ஜெர்மனிக்குக் கொண்டுபோனார்கள். முகாமில் இறங்கியதும் வரிசையாக நிறுத்தி மொட்டையடித்தார்கள். தலையில் பூச்சிமருந்துத் தூளைக் கொட்டினார்கள். கிழக்கிலிருந்து வந்த அழுக்குச் சனம், நாகரிகமான ஐரோப்பாவுக்கு உங்களால் நோய் வரும் என்றார்களாம். ஹெலேனாவிடம் இடுப்பு வரை பின்னல் இருந்தது. "காலையில் உன் பிள்ளையைப் பார்த்தேன். வெள்ளைத் தூள். நீ செய்தாக வேண்டும் என்றாய். அங்கேயும் அப்படித்தான் சொன்னார்கள்."

"நாங்கள் இதைக் கடவுளுக்குக் கொடுக்கிறோம்" என்று சொன்னேன். "பிள்ளை பிழைத்ததற்காக. அது தூளில்லை, சந்தனம்."

"கொடுக்கிறீர்கள்" என்றார் ஹெலேனா. அந்தச் சொல்லை நிறுத்துப் பார்ப்பதுபோலச் சொன்னார். "நான் யாருக்கும் கொடுக்கவில்லை. எடுத்தார்கள்."

இந்த நேரத்தில் வாசுகி வந்து அவர் மடியில் ஏறி, அவருடைய கொண்டையைப் பிடித்து இழுத்தாள். ஹெலேனா அவளுடைய மொட்டைத் தலையை முகர்ந்து பார்த்தார். பிறகு உள்ளங்கையை அதன் மேல் வைத்து அப்படியே இருந்தார்.

"நாளைக்கு ஏழரைக்குக் கொண்டுவா" என்றார். "தொப்பியும் கொண்டுவா, வெயில் பொல்லாதது. இந்தச் சந்தனம் வேண்டாம். என் தலையணை உறைகள் வெள்ளை."

"வேலையில என்னை முழுப்பெயரில கூப்பிடுவினம் எண்டு நினைக்கிறீங்களோ?" என்று அன்று இரவுச் சாப்பாட்டில் கணவரிடம் கேட்டேன். ஒபீசில் என்ன நினைப்பார்களோ என்ற அந்தப் பழைய கவலை திரும்பி வந்தது எனக்கே ஆறுதலாக இருந்தது.

ஊரில் இதை வாசிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். வெள்ளைக்காரர் எங்களை எப்படி நடத்துகிறார்கள் என்று கேட்கிறீர்கள். பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருக்காமல் எழும்பி நின்றவர்களும் உண்டு. நான் இறங்கும் இடம் தவறாமல் மணியடித்துத் தந்தவர்களும் உண்டு. ஆனால் வெள்ளைக்காரர் என்று ஒருவர் இல்லை என்பதுதான் நான் இங்கே படித்த புவியியல். கரும்பலகையில் நான் வரைந்த ஐரோப்பாவுக்கு வெளிக்கோடு மட்டும்தான் இருந்தது. உள்ளே எத்தனை பேர் வெளியே நிறுத்தப்பட்டார்கள் என்பது அந்தப் படத்தில் இல்லை. தள்ளி நிறுத்தப்பட்ட ஹெலேனா அந்தப் பெயரை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறார். பிடித்துக்கொண்டு அதற்குள் என்னையும் இழுத்து நிறுத்துகிறார். அது சரியான பெயரா என்று எனக்குத் தெரியாது. இந்த நாட்டில் எனக்கு முதலில் கிடைத்த இடம் அதுதான். அதற்கு நான் நன்றியாக இருக்கிறேன்.

நான் இப்போதும் அந்த ஒபீசில்தான் வேலை செய்கிறேன். அந்த முடி முடிச்சை ஊருக்குப் போன ஒருவரிடம் கொடுத்தனுப்பினோம். அம்மா சந்நிதிக்குப் போய் வேண்டுதலை முடித்து, தொண்டைமானாற்றில் விட்டாவாம். வாசுகிக்குப் புதிதாக முளைத்த முடி கழுத்தைத் தாண்டிவிட்டது. காலையில் நான் எண்ணெய் வைத்து, நடுவகிடெடுத்து, இரண்டாகப் பின்னி விடுவேன். பின்னேரம் வேலை முடிந்து பிள்ளையைக் கூட்டிவரப் போனால், அதை அவிழ்த்து ஹெலேனா தன் ஊர் முறையில் தலையைச் சுற்றிக் கிரீடம்போலப் பின்னி விட்டிருப்பார். நான் ஒன்றும் சொல்வதில்லை. மறுநாள் காலையில் அவரும் ஒன்றும் சொல்வதில்லை. படுக்கப் போகும்போது வாசுகியின் பின்னலை அவிழ்த்துச் சீப்பால் வாருகிறேன். எவ்வளவு வாரினாலும் முடி நேராக விழுவதில்லை. என் பின்னலின் நெளிவும் அவருடைய பின்னலின் நெளிவும் அதில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன.