ஐந்து இஸ்பேட்

எங்கள் சீட்டுக் கிளப்பில் பிரிட்ஜ் ஆடும் அக்கா, பல் செட் செய்கிறவள். பகலெல்லாம் அச்சில் மெழுகு ஊற்றி, யாரோ ஒருவர் வாய்க்குப் பொருந்தும் பல்லைத் தேய்த்துத் தேய்த்துப் பார்ப்பது அவள் வேலை. நகக்கண்ணில் எப்போதும் வெள்ளையாக மாவு ஒட்டியிருக்கும். நான் சிரித்தால் அவள் பார்வை என் பல்லுக்குத்தான் போகும். அளவெடுக்கிறாளோ என்று வாயை மூடிக்கொள்வேன்.

அவளுடைய ஜோடி அவள் வீட்டுக்காரர். பஸ் ஓட்டுகிறவர். புருஷனும் பெண்டாட்டியும் ஜோடி சேர்ந்து ஆடினால் குடும்பம் உருப்படாது என்பது என் கட்சி. நானும் என் மனைவியும் இரண்டே ஆட்டத்தில் கும்பிடு போட்டுப் பிரிந்தோம், சீட்டு மேஜையில் மட்டும். இவர்கள் மட்டும் எப்படியோ தாக்குப்பிடித்தார்கள்.

அவர்கள் சண்டை போட்டு நான் பார்த்தது ஒரே ஒரு விஷயத்துக்கு. பிரிட்ஜில் ஜோடிக்குச் சீட்டைக் காட்டக் கூடாது, கண்ணைக் காட்டக் கூடாது, ஏலம் ஒன்றுதான் பேச்சு. ஸ்லாம் என்றால் பதின்மூன்று பிடியில் பன்னிரண்டையாவது எடுக்க வேண்டும். அதற்குப் போகலாமா என்று தெரிந்துகொள்ள ஒருவர் 'நாலு நோ டிரம்ப்' என்பார். உன்னிடம் எத்தனை ஏஸ் என்று அர்த்தம். 'ஐந்து இஸ்பேட்' என்று பதில் வந்தால், பழைய முறைப்படி மூன்று ஏஸ். அக்கா எங்கிருந்தோ ஒரு புது முறையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அதில் துருப்பு ராஜாவும் ஏஸோடு சேர்த்தி. அதே 'ஐந்து இஸ்பேட்'டுக்கு, அப்படிப்பட்ட சீட்டு இரண்டு, கூடவே துருப்பு ராணி என்று பொருள்.

"இருக்கிறதை விட்டுட்டுப் பறக்கிறதுக்கு ஆசைப்படறியே" என்று அவர் முறைத்தார். கடைசியில் அவள்தான் ஜெயித்தாள்.

சில மாதம் கழித்து அவருக்கு மூளையில் ரத்தம் கட்டிக்கொண்டது. பிழைத்து எழுந்தார், நடந்தார், சாப்பிட்டார். ஆனால் டாக்டர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். "பழசெல்லாம் அப்படியே இருக்கும். ஆனா உடம்புக்கு முடியாம போறதுக்கு முந்தின சில மாசம் அழிஞ்சு போயிருக்கலாம். போகப் போகத்தான் தெரியும்."

அக்காவின் புது முறை வந்ததும், மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனதும் அந்த மாதங்களில்தான். "பொண்ணை ரயிலேத்தி விட்டோமே, ஞாபகம் இருக்கா?" என்று அக்கா கேட்டால், "ஆமா ஆமா" என்பார். எதைக் கேட்டாலும் ஆமா ஆமாதான். உடம்பு நன்றாக இருந்த காலத்திலேயே அவர் அப்படித்தான், அதுதான் வம்பு.

"நிஜமாவே ஞாபகம் இருக்கா, எனக்காகத் தலையாட்டறாரான்னு தெரியலப்பா" என்று ஒருநாள் கிளப் வாசலில் என்னிடம் சொன்னாள். "வீட்ல ஒரு விருந்தாளி மாதிரி நல்லவரா இருக்காரு. எனக்குப் பயமா இருக்கு."

"ஒருநாள் ஆடக் கூட்டிட்டு வாங்கக்கா. இங்க தலையாட்டித் தப்பிக்க முடியாதுல்ல."

அழைத்து வந்தாள். எந்த முறை என்று அவருக்கு நினைவுபடுத்தவே இல்லை. "நான் சொல்லிக் குடுத்தா அது என்னோட ஞாபகம்தானே" என்றாள்.

அன்று சாயங்காலம் நான் அவர்களுக்கு எதிராக, அக்காவுக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தேன். அவள் ஆட்டின் சீட்டைத் துருப்பாகக் கேட்டாள். அவரும் ஆட்டினையே உயர்த்தினார். அக்கா "நாலு நோ டிரம்ப்" என்றாள்.

அவர் சீட்டைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "ஐந்து இஸ்பேட்."

அதற்கு என்ன அர்த்தம் என்று அக்காவிடம் கேட்க எனக்கு உரிமை உண்டு. கேட்க மனசு வரவில்லை. அவள் முகம் வெளுத்திருந்தது. ஏன் என்று பிறகு சொன்னாள். சீட்டுக்கட்டில் இருப்பதே நாலு ஏஸ், அதில் இரண்டு அவள் கையில். அவரிடம் மூன்று இருக்கவே முடியாது. ஒன்று, அவர் புது முறையில் பேசுகிறார். இல்லையென்றால் எல்லாமே குழம்பிப் போய்விட்டது.

"ஆறு ஆட்டின்" என்றாள். ஆறு என்றால் பன்னிரண்டு பிடி.

நான் முதல் சீட்டைப் போட்டேன். இனி விதிப்படி அவர் தன் சீட்டு முழுவதையும் மேஜையில் விரிக்க வேண்டும். நிதானமாக, ஒவ்வொன்றாக வைத்தார். ஆட்டின் ஏஸ். ஆட்டின் ராணி. இஸ்பேட் ஏஸ்.

இரண்டு ஏஸ், கூடவே துருப்பு ராணி! எதிராளியாக இருந்தும் எனக்கு அப்பாடா என்றிருந்தது. அக்கா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நீளமாக மூச்சு விட்டாள். பிறகு எனக்கு ஒரு பிடிகூட விடாமல் பதின்மூன்றையும் வழித்தெடுத்துக்கொண்டு போனாள்.

கடைசிப் பிடி விழுந்ததும் அவர் வெடித்தார்.

"ஆறோட ஏன் நின்ன? ராஜா உன் கையில, மிச்சமெல்லாம் என்கிட்ட இருக்குன்னு தெளிவா சொன்னேன்ல? பதிமூணும் நமக்குத்தான்னு ஏழு கேட்டிருக்கணும்! இந்த முறைதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னது யாரு? பொண்ணு ஊருக்குக் கிளம்பற அன்னிக்குக்கூட, ரயிலடியில வச்சு இதைத்தானே மனப்பாடம் பண்ண வச்ச!"

அக்காவுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது, வாய் சிரித்தது. "உங்களை நம்பலைங்க. பயந்துட்டேன்."

அவர் கோபம் சட்டென்று இறங்கிவிட்டது. விரித்த சீட்டுகளை ஒன்றுசேர்த்துக்கொண்டே, எங்கள் யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"நானும்தான். நீ கேக்கறப்போ மறந்துடக் கூடாதேன்னு இத்தனை நாளா எல்லாத்தையும் உள்ளுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டே இருந்தேன்."