காகம் தொடாத இலை

கொழும்பு வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் அடுக்குமாடி இருக்கிறது. என் எதிர்வீட்டுக்காரி பாலேஸ்வரி அக்கா. கொள்ளுப்பிட்டியில் ஒரு கந்தோரில் தட்டெழுத்தில் தொடங்கி, கணினி வந்தபோது அதையும் பழகிக்கொண்டு, யாரிடமும் ஒரு சொல் கேட்காமல் வேலை பார்த்தவர். பக்கத்து வீட்டில் மீன் பொரித்தால் ஜன்னலைச் சாத்திவிடுவார். அவ்வளவு சைவம்.

கணவர் ஸ்ரீஸ்கந்தராசா தண்ணீர் மோட்டர் திருத்துகிறவர். இரண்டாயிரத்தேழாம் ஆண்டு தை மாதம், பட்டப்பகலில், மருதானைக்கு ஏதோ உதிரிப்பாகம் வாங்கப் போனவர் திரும்பி வரவில்லை. தெருவில் அவரைக் கையில் பிடித்து வான் வண்டி ஒன்றில் ஏற்றியதைக் கண்டதாக ஒருவர் சொன்னார். அடுத்த நாள் கேட்டபோது, தான் எதையும் காணவில்லை என்றார். அக்கா ஏறி இறங்காத கந்தோர் இல்லை. அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் இப்படிப் பல வீடுகள் இருந்தன. கதவுமணி அடித்தால் எல்லோரும் ஒருகணம் பேச்சை நிறுத்துவோம். பிறகுதான் யாராவது எழும்பிப் போவார்கள்.

கணவரின் அண்ணன் கதிர்காமநாதன் கொட்டாஞ்சேனையில் இருந்தார். அக்கா அவரை அத்தார் என்று கூப்பிடுவார். நல்ல மனிதர், ஆனால் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார். இரண்டு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, செய்ய வேண்டிய கிரியைகளைச் செய்யாவிட்டால் தம்பி சோறு தண்ணியில்லாமல் அலைவான் என்று தொடங்கினார். செய்தால் அவரை நானே கொன்ற மாதிரி என்று அக்கா மறுத்தார். இழுபறி முற்றி, ஒரு முடிவுக்கு வந்தார்கள். கணவர் காணாமற்போன திதியில் மொட்டைமாடியில் இலை போட்டுக் காகத்துக்கு வைப்பது. செத்தவர்கள் காகமாக வந்து உண்கிறார்கள் என்றுதானே நாங்கள் வைக்கிறோம்? காகம் எடுத்தால் அவர் இல்லை. கிரியைகளைச் செய்து, அக்கா பொட்டையும் அழித்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் அத்தார் இந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது.

எனக்குக் கோபம் வந்தது. நான் ஃபார்மசியில் நிற்கிறவள். சகுனம் சாத்திரம் என்றால் எனக்குப் பொறுமை கிடையாது. கொழும்புக் காகம் வாய்க்குக் கொண்டுபோகிற பணிஸையே பறித்துக்கொண்டு போகும். அதன் முன்னால் வடையை வைத்துவிட்டு, ஒருத்தி விதவையா இல்லையா என்று பார்ப்பதா? அத்தார் இதெல்லாம் தெரிந்துதான் ஒத்துக்கொண்டார் என்று நினைத்தேன். அக்கா ஏன் ஒத்துக்கொண்டார் என்பது விளங்கவில்லை. களைத்துப் போயிருப்பார்.

ஆனால் ஒரு காகமும் வரவில்லை.

சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் வடையும் வெயிலில் காய்ந்தன. காகங்கள் எதிர்க் கட்டடத்தில் வரிசையாக இருந்து கத்தின. ஒன்றுகூடத் தெருவைத் தாண்டி எங்கள் பக்கம் வரவில்லை. அத்தார் கூப்பிட்டுப் பார்த்தார், இலையை இடம் மாற்றி வைத்தார். பிறகு கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். எனக்கும் ஒருகணம் நம்பத் தோன்றியது, பொய் சொல்லவில்லை. அக்கா கீழே வந்து முகம் கழுவி, முன்னைவிடப் பெரிய பொட்டு ஒன்று வைத்துக்கொண்டார்.

அன்று பின்னேரம் மேலே கொடியில் காய்ந்த உடுப்பு எடுக்கப் போனபோதுதான் காரணத்தைக் கண்டேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு வல்லூறு இருந்தது. கையை நீட்டினால் தொடலாம். முதுகு சிலேட்டு நிறம், கண்ணைச் சுற்றி மஞ்சள், கன்னத்தில் மீசைபோலக் கறுப்பு. அதன் காலடியில் ஒரு காகத்தின் செட்டை கிடந்தது. அது என்னைப் பார்த்தது. ஓட நினைக்கவில்லை, பயப்படவும் இல்லை. பார்த்துவிட்டு, நான் ஒரு பொருட்டில்லை என்று முடிவுசெய்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. மாரியில் வந்து பங்குனி சித்திரையில் போய்விடுகிற பறவை என்று பிறகு அறிந்தேன்.

அக்காவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அவர் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அத்தாருக்குச் சொல்லாதை, அருந்ததி" என்றார்.

நான் சொல்லவில்லை. ஒருத்தியின் நெற்றியில் பொட்டு இருந்தால் யாருக்கு என்ன நட்டம் என்று நினைத்தேன். நட்டம் அத்தாருக்கு வந்தது. செய்ய வேண்டும் செய்ய வேண்டும் என்று நின்ற மனிதர், அன்றைக்குப் பிறகு தம்பி உயிரோடிருக்கிறான் என்று நம்பத் தொடங்கிவிட்டார். வடக்கில் சண்டை முடிந்ததும் தம்பியின் படத்தைத் தூக்கிக்கொண்டு, சனத்தை அடைத்து வைத்திருந்த வவுனியா முகாம்களுக்கு அலைந்தார். பஸ்ஸில் போவார், கம்பிக்கு வெளியே வெயிலில் நிற்பார், காய்ச்சலோடு திரும்பி வருவார். வந்ததும் நேரே எதிர்வீட்டுக்கு வந்து, ஒருத்தர் கண்டதாகச் சொன்னார், உயரம் சரியாம், நடை சரியாம் என்பார். அக்கா தேத்தண்ணி கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு கேட்பார்.

அடுத்த மாரியில் வல்லூறு திரும்பி வந்தது. அக்கா வேலைக்குப் போகுமுன் ஒருமுறை, வந்தபின் ஒருமுறை மேலே ஏறிப் பார்த்தார். திதி கிட்டவர, அது போய்விடுமோ என்ற பயம் அவரைப் பிடித்துக்கொண்டது. ஒருநாள் கையில் கோழிக் கழுத்துப் பையோடு படியேறியதைக் கண்டேன். முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, இரண்டு விரலால் பிடித்திருந்தார். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். வல்லூறு அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. தானே பிடிக்காத எதையும் அது தொடாது. அது வேட்டைக்குப் போயிருந்த நேரத்தில் கழுத்தையெல்லாம் காகங்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டன. அக்கா வெளிறிப் போனார். அது படையலில்லை அக்கா, வெறும் கோழிதானே என்று நானே சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று. எனக்கும் பைத்தியம் தொற்றிவிட்டது என்று அப்போது நினைத்தேன்.

திதியன்று விடியும் நேரம் மேலே கதவு திறந்த சத்தம் கேட்டு ஏறினேன். உடுப்புக் கொடி கட்டிய கம்பத்தில் ஒரு புறா, காலில் நைலோன் கயிற்றோடு கட்டப்பட்டிருந்தது. பக்கத்தில் அக்கா நின்றார். அவிழ்க்கச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் மேலேயிருந்து ஏதோ விழுந்தது. காற்றுக் கிழிகிற சத்தம் கேட்டது, என் கன்னத்தில் இறகு உரசியது. பார்த்தால் வல்லூறு புறாவின்மேல் நிற்கிறது, செட்டை இரண்டையும் விரித்தபடி. தூக்கப் பார்த்தது, கயிறு விடவில்லை. திரும்பவும் இழுத்தது. புறா அப்போதும் உயிரோடிருந்தது. அதன் கண் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அசையவில்லை. கடைசியில் வல்லூறு உதறி எழும்பியது. முடிச்சில் ஒரு சிவந்த கால் மட்டும் மிஞ்சியது.

அக்கா கீழே குந்திவிட்டார்.

"அது கத்தேல்லை, அருந்ததி. வாயைத் திறந்தது, சத்தம் வரேல்லை" என்றார். கயிற்றில் கிடந்த காலைப் பார்த்தபடி, "இவரையும் பகலிலைதானே பிடிச்சவங்கள். சுத்திவர எவ்வளவு சனம் நிண்டிருக்கும். இப்ப நாங்கள் நிண்டமாதிரித்தான் நிண்டிருக்கும்" என்றார்.

அந்தக் காலைக் கயிற்றிலிருந்து அவிழ்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவரே அவிழ்த்து, காகிதத்தில் சுற்றிக் கொண்டுபோனார். குளித்தார், சமைத்தார். அழுத சத்தம் கேட்கவில்லை.

மத்தியானம் அத்தார் வந்தார். போன வருடம் வந்த மனிதரே இல்லை. சேட்டுக்குள் உடம்பு பாதியாய்ப் போயிருந்தது, முகத்தில் மட்டும் ஒரு களை. கல்யாணவீட்டுக்கு வருகிறவர்போல வாழைப்பழச் சீப்போடு வந்தார். இலையைப் போட்டு எல்லாவற்றையும் வைத்தோம். தொட்டிக்குப் பின்னால் வல்லூறு வயிறு நிறைந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தது. அவர் நின்ற இடத்திலிருந்து அது தெரியாது. எதிர்க் கட்டடத்தில் காகங்கள் கத்தின. நேரம் போனது.

"வராது, பிள்ளை. அவன் இருக்கிறான். நான் திரும்பவும் போகப்போறன்" என்றார் அத்தார்.

அக்கா அவர் முகத்தையே பார்த்தார். அத்தாருக்கு இருந்தது அந்த ஒரு நம்பிக்கை, அதுவும் அக்காவிடம் இரவல் வாங்கியது. சும்மா இரு அக்கா, இன்னும் ஒரு வருடம் இருக்கட்டும் என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

அக்கா உடுப்புக் கொடிக்கு முட்டுக் கொடுத்திருந்த கம்பை எடுத்து, ஓங்கித் தொட்டியில் அடித்தார். திரும்பத் திரும்ப அடித்தார். வல்லூறு எழும்பி அத்தாரின் தலைக்கு மேலால் பறந்தது. அவர் குனிந்து, பிறகு நிமிர்ந்து அதைப் பார்த்தார். அது போன திசையைப் பார்த்தார், காகங்களைப் பார்த்தார். அவருக்கு மெதுவாக விளங்கியது. "எவ்வளவு நாளா?" என்று மட்டும் கேட்டார். அக்கா கம்பைக் கீழே போட்டார். இலைக்குப் பக்கத்தில் போய் நின்று, கையைத் தூக்கி, கா, கா என்று கூப்பிடத் தொடங்கினார். குரல் உடைந்தது, நிறுத்தவில்லை.

முதலில் ஒன்று வந்தது. மதிலில் குந்தி, தலையைச் சரித்துப் பார்த்து, இலைக்கு இறங்கியது. அத்தார் அங்கேயே நிலத்தில் குந்தி வாய்விட்டு அழுதார்.

அக்கா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

"வடிவாச் சாப்பிடுங்கோ" என்றார் காகத்திடம். "உங்களுக்கு இவ்வளவு நாளும் ஒண்டும் தரேல்லை."