அப்பாவின் தறிக்குழி

காலமான அப்பா நெய்த இடத்தைப் பார்த்துவிட்டு வரச் சொன்னாள் அம்மா. காஞ்சிபுரத்தில் இறங்கி அந்தத் தறிக்கூடத்தைத் தேடி வந்தால், அந்த இடத்தில் இருப்பது கள்ளுக்கடை! மதுவிலக்கு நீங்கி ஒரு மாதம்தான் ஆகிறது. கிராம்பு மெல்வதைத் தவிர அப்பாவுக்கு வேறு பழக்கமே கிடையாது என்பது அம்மாவின் பெருமை.

உள்ளே தறியைக் காணோம். தறிக்குழி மட்டும் இருக்கிறது. அதன் விளிம்பில் மூன்று நெசவாளர்கள் காலைத் தொங்கவிட்டுக் குடிக்கிறார்கள். அங்கே இல்லாத மிதிகட்டையை அவர்கள் பாதங்கள் மிதித்துக்கொண்டே இருக்கின்றன.

அப்பா பெயரைச் சொன்னதும் கடைக்காரர் முகம் மலர்கிறது.

"அவரு புள்ளையா நீங்க? இது எங்க தாத்தா காலத்துக் கள்ளுக்கடைங்க. கவர்மெண்டு மூடச் சொன்னதும் எங்கப்பா இங்கியே தறி போட்டாரு. குடிக்க வந்துக்கினு இருந்தவங்களே நெய்ய வந்தாங்க. உங்கப்பாதான் மொத ஆளு. உக்கார்ற எடத்தக்கூட மாத்தல."

மூவரும் நகர்ந்து அப்பாவின் இடத்தை எனக்கு விடுகிறார்கள். உட்காருகிறேன். கைக்கு மொந்தை வருகிறது. கொஞ்ச நேரத்தில் என் காலும் ஆடுகிறது.

கிளம்பும்போது கடைக்காரர் என் உள்ளங்கையில் இரண்டு கிராம்பை வைக்கிறார்.

"மென்னுக்கினே போங்க. அந்தக் காலத்துல உங்கப்பா இது இல்லாம வூட்டுக்குப் போனதே இல்ல."