டீலியாவின் வெண்ணெய்ப்பூ

எங்கள் மேயோ மலைச்சரிவில் என்னைப் பால் திருடன் என்று சொல்லாத ஆள் கிடையாது. முப்பத்தோரு வருஷமாக அந்தப் பெயர். அந்தப் பட்டத்தைக் கொடுத்த டீலியா கில்பேனைப் போன வாரம்தான் அடக்கம் செய்தோம். இனி நான் வாயைத் திறந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

டீலியா என் பக்கத்து வீட்டுக்காரி. வாய்த்துடுக்கு உண்டு, உழைப்பும் உண்டு. பாறை இடுக்கில்கூட உருளைக்கிழங்கை விளைய வைத்துவிடுவாள். புருஷன் கூலி வேலைக்கு ஸ்காட்லாந்து போயிருந்தான். அந்த வசந்தத்தில் காய்ச்சல் கண்டு அவளுக்குத் தாய்ப்பால் வற்றிப்போனது. எட்டு மாதக் குழந்தை ஊனா, பிராக்கி என்ற ஒற்றை மாட்டின் பாலில்தான் உயிர் வைத்திருந்தது.

மே முதல் நாள் காலையில் நாங்கள் யாருக்கும் நெருப்போ தண்ணீரோ பாலோ கொடுப்பதில்லை. கொடுத்தால் நம் வீட்டுப் பால்வளம், வாங்கினவன் பின்னாலேயே போய்விடும். நான் ஒரு மடையன். தேதியை மறந்து, பைப் பற்றவைக்க அவள் அடுப்பில் ஒரு கங்கு கேட்டேன். குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்தவள், எடுத்துக்கொள் என்று தலையசைத்துவிட்டாள். அப்புறம்தான் அவள் முகம் செத்தது.

"இன்னைக்கு என்ன நாள் தெரியுமா, பார்ட்லி?"

"அடடா. திருப்பி வச்சிடறேன்."

"வச்சு? போனது போனதுதான்."

பரிகாரம் எல்லோருக்கும் தெரியும். வெண்ணெய்ப்பூவை நசுக்கி மாட்டு மடியில் ஒரு தடவு தடவினால் போதும். பளபளக்கும் ஐந்து மஞ்சள் இதழ். அதை மேய்ந்துதான் வெண்ணெய் மஞ்சளாகிறது என்பார்கள். எந்த மாடும் அதை மேய்ந்து நான் பார்த்ததில்லை. சுற்றியுள்ள புல்லைக் கடித்துவிட்டுப் பூவை அப்படியே விட்டுவிடும். டீலியா ஒரு தடவலோடு நிற்கவில்லை. காலையும் மாலையும் கூடை கூடையாகப் பறித்து, சாறு இறங்கத் தேய்த்தாள். மூன்றாம் நாள் பிராக்கி உதைத்தது. ஐந்தாம் நாள் பாலோடு ரத்தம் வந்தது. அவள் இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

என் மாடு நன்றாகக் கறந்தது, அதுதான் வினை. கீழ்வீடுகளில் எந்த மாடும் கறவையில் இல்லை. ஒரு குவளை பால் கொண்டுபோனேன். வாசலிலேயே தட்டிவிட்டாள்.

"என் பாலை எனக்கே பிச்சை போட வந்தியா?"

"பைத்தியக்காரி, குழந்தை முகத்தைப் பாரு."

"அதைத்தான் ராப்பகலாப் பார்த்துக்கிட்டிருக்கேன். எடுத்ததைத் திருப்பிக் கொடு, போ."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மூன்று நாள் அந்தப் பக்கமே போகவில்லை.

நான்காம் நாள் கிணற்றடியில் அவள் கைகளைப் பார்த்தேன். விரலெல்லாம் கொப்புளம். அப்போதுதான் உறைத்தது. சிறு வயதில் சந்தையில் ஒரு பிச்சைக்காரன் இதே பூவை நசுக்கிக் காலில் கட்டிப் புண் வரவழைத்ததைப் பார்த்திருக்கிறேன். காய்ந்த புல்லோடு கிடந்தால் அது ஒன்றும் செய்யாது. பச்சைச் சாறு தோலைப் பொசுக்கும். மடியைப் பொசுக்கிக்கொண்டிருந்தது அவளேதான்.

சொன்னால் நம்ப மாட்டாள், திருடன் சொல்லாயிற்றே. பூவை நசுக்கி என் முன்கையில் வைத்துக் கட்டிக்கொண்டேன். விடிந்தபோது நெல்லிக்காய் அளவுக்குக் கொப்புளம். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு அவள் வீட்டுக்கு ஓடினேன்.

ஊனா செத்துக் கிடந்தது. வாயோரம் கஞ்சித் தண்ணீர் காய்ந்திருந்தது. டீலியா அழவில்லை.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு, பார்ட்லி. பாலை நீதானே எடுத்தே? நீ எடுக்கலைன்னா..."

மேலே சொல்லாமல் தன் கைகளைப் பார்த்தாள்.

நான் சட்டைக் கையை இறக்கிவிட்டேன்.

"நான்தான் எடுத்தேன்," என்றேன்.

என் முகத்தில் துப்பினாள். பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

புண்பட்ட கையால் அவளால் பூப் பறிக்க முடியவில்லை. பத்தே நாளில் மடி ஆறிவிட்டது. டீலியா நுரை பொங்கும் வாளியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்க் காட்டினாள்.

"பார்த்தீங்களா, திருடன் ஒப்புக்கிட்டான். பால் திரும்பி வந்துடுச்சு."

குடிக்கத்தான் ஆளில்லை.